மலேசியா டூரில் அம்மா விழுந்தார்: கம்பெனி பொறுப்பா, நம் பொறுப்பா?

கேள்வி: திருவொற்றியூர் வாசகர், 2025 மார்ச் 4

பொங்கல் லீவில் அம்மாவையும் பெரியம்மாவையும் மலேசியா குரூப் டூருக்கு அனுப்பினேன். பத்துமலையில் சாமி பார்த்துவிட்டு இறங்கும்போது அம்மா கடைசிப் படிகளில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் அடி. கைடு ஐஸ் கட்டி வைத்துவிட்டு "சாயங்காலம் பார்த்துக்கலாம்மா" என்று சொல்லியிருக்கிறார். ஊருக்கு வந்து படம் எடுத்தால் எலும்பில் விரிசல். கம்பெனியில் கேட்டால் "கோயில் படி எங்களுடையதா?" என்கிறார்கள். என் மச்சானும் அவர்கள் பக்கம்: "அத்தை பார்த்து நடந்திருக்கணும், இதுக்கெல்லாம் காசு கேட்டா அசிங்கம்." கேட்கலாமா அண்ணா, கூடாதா?

மார்ச் 4, இரவு

கேட்கலாம் தம்பி. யாரை, எதற்காக, எவ்வளவு என்பதுதான் கணக்கு.

மண்ணடியில் டிக்கெட் ஆபீஸ் வைத்திருப்பவன் நான். அவ்வப்போது சின்னச் சின்ன குரூப்புகளைப் பினாங்கு, கோலாலம்பூர், கொழும்பு என்று அனுப்புகிறவன். அதாவது நானும் கம்பெனிதான். கம்பெனிக்காரன் எந்த இடத்தில் மழுப்புவான் என்று தெரியும், பயணி எந்த இடத்தில் ஏற்றிச் சொல்வார் என்றும் தெரியும்.

"கோயில் படி எங்களுடையதா" என்பதில் பாதி நியாயம் இருக்கிறது. பத்துமலையில் 272 படி, செங்குத்து. 2018-ல் வண்ணம் அடித்த பிறகு சாமி கும்பிடாதவர்களும் போட்டோவுக்காக ஏறுகிறார்கள். போதாததற்குக் குரங்குகள். அந்தப் படியைக் கட்டியதும் கூட்டுவதும் டூர் கம்பெனி இல்லை. ஆனால் எத்தனை மணிக்குப் போவது, எவ்வளவு நேரம் நிறுத்துவது, கூட யாரை அனுப்புவது என்பதெல்லாம் கம்பெனி முடிவு செய்தது. ஏறுவதா வேண்டாமா என்பதும், காலில் என்ன போடுவது என்பதும் அம்மா முடிவு செய்தது. யார் எதை முடிவு செய்தார்கள் என்று ஒரு தாளில் பிரித்து எழுதினால் பாதிச் சண்டை அடங்கிவிடும்.

எனக்கு மூன்று விஷயம் சொல்லுங்கள். அம்மா காலில் என்ன போட்டிருந்தார்? அங்கே எவ்வளவு நேரம் கொடுத்தார்கள்? சாயங்காலம் நிஜமாகவே பார்த்தார்களா? ஐட்டினரி தாள், அதாவது எந்த நாள் எங்கே, எவ்வளவு நேரம் என்று கம்பெனி கொடுத்த பயணத் திட்டம், இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள்.

மார்ச் 5, காலை

மூன்றாவது கேள்வியைக் கடைசியில் போட்டுவிட்டேன், அதுதான் முதலில் வந்திருக்க வேண்டும். விழுந்தது ஒன்று, விழுந்த பிறகு நடந்தது வேறொன்று. இரண்டையும் சேர்த்துப் பேசினால் கம்பெனி முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைத்துவிடும்.

மார்ச் 5, இரவு

ராயபுரத்து வாசகர் ஒருவர் நடுவில் கேட்டிருக்கிறார்: கொழும்பில் விமானப் படிக்கட்டில் இறங்கும்போது அவர் மனைவிக்குக் கணுக்கால் பிசகியதாம். "இதுவும் அப்படித்தானா?" என்கிறார்.

இல்லை. விமானம் என்றால் சட்டமே வேறு. 1999-ல் போட்ட மான்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியா 2009-ல் சேர்ந்தது. அதன் 17-வது பிரிவுப்படி விமானத்துக்குள்ளேயோ, ஏறும்போதோ, இறங்கும்போதோ நடந்த விபத்தில் உடம்பில் காயம் பட்டால் விமான நிறுவனம் பொறுப்பு. "எங்கள் மேல் தப்பில்லை" என்று சொல்லி ஒரு வரம்பு வரை தப்பிக்க முடியாது. அந்த வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,51,880 எஸ்.டி.ஆர். சர்வதேச நாணய நிதியம் வைத்திருக்கும் கணக்கு நாணயம் அது. ரூபாயில் ஒன்றரைக் கோடிக்கு மேல் வரும். உடனே மனக்கோட்டை கட்ட வேண்டாம். அது உச்சவரம்பு. பட்ட நஷ்டம் எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும், தண்டனையாகக் கூடுதல் தொகை கேட்கவும் வழியில்லை.

பயணியின் கவனக்குறைவு இருந்தால் அந்த அளவுக்குக் குறைப்பார்கள், அது 20-வது பிரிவு. ராயபுரத்தார் விஷயத்துக்கு அப்படியே பொருந்துகிற வழக்கு ஒன்று உண்டு. தெசலோனிக்கியிலிருந்து வியன்னா போன ஒரு பெண் விமானப் படிக்கட்டில் விழுந்து முன்கை முறிந்தது. ஒரு கையில் கைப்பை, இன்னொரு கையில் இரண்டு வயதுக் குழந்தை, கைப்பிடியைப் பிடிக்கவில்லை. ஏன் வழுக்கியது என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை. 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது: காரணம் தெரியாவிட்டாலும் அது விபத்துதான், விமான நிறுவனம் பதில் சொல்ல வேண்டும், கைப்பிடியைப் பிடிக்காததை வைத்துத் தொகையைக் குறைக்கலாமா என்பதை உள்ளூர் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நம் ஊர் நீதிமன்றத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. ஆனாலும் வக்கீல் கையில் கொடுத்துவைக்க நல்ல காகிதம்.

சென்னையிலிருந்து போய்த் திரும்புகிற டிக்கெட் என்றால் இந்தியா சேர்ந்திருப்பதே போதும். அந்த விமான நிறுவனம் இந்தியாவுக்கு விமானம் விடுகிறது என்றால், இங்கே குடியிருப்பவர் இங்கேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு வருஷம். பெட்டி உடைந்தால் மட்டும் ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை நம் ஆட்கள் எப்போதும் கோட்டை விடுவார்கள்.

மார்ச் 6

"ஏரோபிரிட்ஜில் (விமானத்தையும் கட்டடத்தையும் இணைக்கிற நடைபாலம்) விழுந்தால்?" விமான நிறுவனம். "டியூட்டி ஃப்ரீ கடையில் விழுந்தால்?" விமான நிறுவனம் இல்லை. நடுவில் இருக்கிற இடங்களை வைத்துத்தான் வக்கீல்கள் சாப்பிடுகிறார்கள்.

மார்ச் 8

தம்பி ஐட்டினரி அனுப்பியிருக்கிறார். மூன்றாம் நாள் வரியை அப்படியே போடுகிறேன்: "பத்துமலை முருகன் கோயில் (45 நிமிடம்), சாக்லேட் கடை (1 மணி நேரம்), மதிய உணவு."

முருகனுக்கு முக்கால் மணி, சாக்லேட்டுக்கு ஒரு மணி. கமிஷன் எங்கே இருக்கிறது என்று தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வேன் நிறுத்துமிடத்திலிருந்து நடக்க வேண்டும், 272 படி ஏற வேண்டும், குகைக்குள் சாமி பார்க்க வேண்டும், திரும்ப 272 படி இறங்க வேண்டும். அறுபது தாண்டிய இரண்டு பெண்கள். ஏறும்போது மூச்சு வாங்க நாலு இடத்தில் நின்றாலே அரை மணி போய்விடும். கீழே கைடு கொடியை ஆட்டிக்கொண்டு நின்றாராம், பெரியம்மா சொன்னதாகத் தம்பி எழுதியிருக்கிறார். லேசாகத் தூறலும் இருந்ததாம். அவசர அவசரமாக இறங்கியதில்தான் விழுந்திருக்கிறார்.

செருப்புக் கேள்விக்குப் பதில்: அம்மா செருப்பை வேனிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறினார், வேண்டுதல். இதை மச்சான் பெரிய ஆயுதமாக எடுத்து வைத்திருக்கிறாராம். ஈரப் படியில் தேய்ந்த ரப்பர் செருப்பைவிட வெறுங்கால் மேல் என்பது என் கட்சி. காசிமேட்டில் ஏலக் கூடத் தரையில் மீன் கூடையோடு நடக்கிறவர்களைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

ஆக, படி கோயிலுடையது, அவசரம் கம்பெனியுடையது. இப்போதைக்கு என் கணக்கு பாதிக்குப் பாதி.

கம்பெனி பக்கமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1993-ல் தீர்ப்பு வந்த ஒரு வழக்கு: டூர் கம்பெனி மூலம் கிரேக்கத் தீவு கோஸுக்குப் போனவர், ஓட்டல் அறையின் கண்ணாடிக் கதவில் இடறி விழுந்து பலத்த காயம். கண்ணாடி 5 மில்லிமீட்டர்தான். இங்கிலாந்து விதிப்படி அது போதாது, கிரேக்க விதிப்படி போதும். பயணி தோற்றார். அந்த நாட்டில் என்ன தரம் உண்டோ அதைச் சரிபார்ப்பதுதான் கம்பெனி வேலை, நம் நாட்டுத் தரத்தை அங்கே கொண்டுபோய் வைப்பது இல்லை என்றார்கள். படித்தபோது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வேறு எப்படிச் சொல்ல முடியும் என்றும் தெரியவில்லை. பினாங்கில் நடைபாதை ஓரம் திறந்து கிடக்கிற ஆழமான வாய்க்காலையெல்லாம் நான் போய் மூட முடியுமா?

அதனால்தான் படியின் தரத்தைப் பேசாதீர்கள், நேரத்தைப் பேசுங்கள் என்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஸ்டூல் கதை. மேலே எழுதும்போதே ஞாபகம் வந்தது, நீளம் என்று விட்டுவிட்டேன்.

சில வருஷம் முன்பு ஒரு பினாங்கு குரூப். அந்த ஊர் டூர் வேன்களில் படி உயரம். டிரைவர் கதவைத் திறந்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலை உருவிக் கீழே போடுவார். பெரியவர்கள் அதில் ஒரு கால் வைத்து இறங்க வேண்டும். ஓட்டல் வாசலில் பளபளவென்று டைல்ஸ். ஸ்டூலின் நாலு காலிலும் ரப்பர் குமிழ் இல்லை, தேய்ந்து வழவழவென்று இருந்தது. பழைய வண்ணாரப்பேட்டை ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர் கால் வைத்ததும் ஸ்டூல் ஒரு பக்கம் ஓட, அவர் முழங்காலுக்குக் கீழே வேன் படியின் தகரம் கிழித்துவிட்டது. தையல் போட வேண்டியதாகிவிட்டது.

டிரைவர் சொன்னது: "ஸ்டூல்ல நடுவுல கால வைக்கணும், அவங்க ஓரத்துல வச்சிட்டாங்க." வேன் முதலாளியும் போனில் அதையே சொன்னார்.

கிளினிக் பில்லை நான் கட்டினேன். வேன்காரரிடம் கழிக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. ஆனால் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. டீச்சரம்மா அந்த வேனைத் தேர்ந்தெடுக்கவில்லை, அந்த ஸ்டூலையும் தேர்ந்தெடுக்கவில்லை, இறங்க வேறு வழியும் இல்லை. அவர் பங்கு பூஜ்யம். பத்துமலையில் ஏறாமல் கீழேயே நின்று அந்தப் பெரிய முருகன் சிலையைக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம், அந்த வித்தியாசம் இருக்கிறது.

இன்னொன்று. ரத்தம் வழிகிறது, டீச்சரம்மா டிரைவரைப் பார்த்து "என் தப்புதாம்பா, கண்ணாடி போடாம இறங்கிட்டேன்" என்கிறார்! நம் ஆட்களுக்கு இது பழக்கம். எதிரில் இருப்பவர் சங்கடப்படக் கூடாதே என்று சொல்கிற உபசார வார்த்தை. ஆனால் ஓட்டல் ரிசப்ஷனில் அதைக் கேட்டு ரிப்போர்ட்டில் எழுதிவிட்டால் அது உபசாரம் இல்லை, வாக்குமூலம். விழுந்தவர் வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் போதும்.

மார்ச் 10

மச்சானே வந்து எழுதியிருக்கிறார், வணக்கம். "அமெரிக்காவில் காபியை மேலே கொட்டிக்கொண்டு கோடி கோடியாக வாங்கினாளாமே ஒரு பாட்டி, அந்த மாதிரி ஆகணுமா நாம?" என்று கேட்கிறார்.

அந்தப் பாட்டி கதையை முழுசாகக் கேளுங்கள் மச்சான். 1992, அல்புகெர்க்கி. வயது 79. ஓடாமல் நின்றிருந்த காரில் உட்கார்ந்து மெக்டொனால்ட்ஸ் காபி மூடியைத் திறக்கும்போது மடியில் கொட்டியது. 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு. தோல் வெந்து, வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டினார்கள். முதலில் அவர் கேட்டது வைத்தியச் செலவு மாதிரியான கணக்குதான், கம்பெனி கொடுக்க வந்தது 800 டாலர். அதற்கு முன்பே 700 பேர் போலச் சூடு பட்டதாகப் புகார் சொல்லியிருந்தார்கள். அப்படியும் ஜூரி 20 சதவீதத் தப்பைப் பாட்டி தலையில் வைத்து, அந்த அளவுக்கு நஷ்ட ஈட்டைக் கழித்தது. தண்டனைத் தொகையாக ஜூரி சொன்ன 27 லட்சம் டாலரை நீதிபதி 4,80,000 டாலராகக் குறைத்தார். கடைசியில் இரண்டு தரப்பும் வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள்.

பங்கு பிரிப்பது என்றால் இப்படித்தான். அசிங்கம் எங்கே இருக்கிறது?

மார்ச் 10, கொஞ்சம் கழித்து

விமானத்திலும் ஒரு காபி வழக்கு உண்டு. அப்பாவின் டிரேயிலிருந்து காபிக் கோப்பை சரிந்து ஆறு வயதுக் குழந்தை மேல் கொட்டியது. மயோர்காவிலிருந்து வியன்னா போன விமானம். விமானம் குலுங்கியதாலா, டிரே கோணலாக இருந்ததாலா, தெரியவில்லை. 2019 டிசம்பரில் அதே ஐரோப்பிய நீதிமன்றம், பறப்பதோடு சம்பந்தமே இல்லாவிட்டாலும் அது விபத்துதான் என்றது. நான் இப்போதெல்லாம் விமானத்தில் மோர் இருந்தால் மோர்தான் கேட்கிறேன்.

மார்ச் 13

இந்த இழையில் முக்கியமான விஷயம் இன்றுதான் வெளியே வந்திருக்கிறது.

தம்பி இப்போது சொல்கிறார்: சாயங்காலம் யாரும் பார்க்கவில்லை. மறுநாள் கெந்திங் ஹைலண்ட்ஸ், அதற்கு மறுநாள் விமானம். அம்மா துப்பட்டாவில் கையைக் கட்டிக்கொண்டே சுற்றியிருக்கிறார். ஊருக்கு வந்ததும் எக்ஸ்ரே எடுக்கவில்லை. நேராகப் புத்தூர் கட்டு. பச்சிலை, முட்டை வெள்ளை, மூங்கில் பத்தை எல்லாம் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறார். வீக்கம் வடியாததால்தான் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்தார்கள்.

புத்தூர் கட்டைப் பழிக்க மாட்டேன், என் வீட்டிலேயே கட்டியிருக்கிறோம். ஆனால் புத்தூர்க்காரர் பில் கொடுக்க மாட்டார். விழுந்த நாளுக்கும் முதல் எக்ஸ்ரேவுக்கும் நடுவில் வாரக்கணக்கில் ஒரு காகிதமும் இல்லை. "இது பத்துமலையில் பட்ட அடி என்று எப்படி நம்புவது, வீட்டில் விழுந்திருக்கலாமே" என்று கம்பெனி வக்கீல் கேட்பார். அதற்குப் பெரியம்மா சாட்சி, கைடுக்குப் போன வாட்ஸ்அப் செய்தி சாட்சி, துப்பட்டாக் கட்டோடு அம்மா கெந்திங்கில் நிற்கிற போட்டோ சாட்சி. அந்தப் போட்டோவை அழிக்காதீர்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். "அப்படி ஒன்று இருந்ததா என்றே தெரியாது" என்கிறார். இருந்திருக்கிறது, பேக்கேஜ் விலையில் "டிராவல் இன்சூரன்ஸ் உட்பட" என்று அதே ஐட்டினரியின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. பாலிசி நகலை யாரும் கொடுக்கவில்லை. இந்த வகைப் பாலிசிகளில் பலவும் வெளிநாட்டில் எடுத்த சிகிச்சைக்குத்தான் பணம் தரும். அங்கே டாக்டரையே பார்க்காமல் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டால் கை விரித்துவிடுவார்கள். டிடக்டிபிள் என்று முதல் நூறு டாலர் போல நம் தலையில் விழுவதும் உண்டு, சின்னக் காயங்கள் அதிலேயே மூழ்கிவிடும்.

இப்போது கைடு சொன்ன "சாயங்காலம் பார்த்துக்கலாம்மா" எவ்வளவு விலை பெறுகிறது பாருங்கள். பத்துமலை ஒன்றும் காட்டுக்குள் இல்லை, கோலாலம்பூர் ஓரம். கிளினிக்குக்குப் போயிருந்தால் அன்றே எக்ஸ்ரே, அன்றே கட்டு, கையில் ஒரு சீட்டு, இன்சூரன்ஸுக்குத் தகவல். இது எதுவும் படியால் நின்றுபோகவில்லை. சாக்லேட் கடைக்கு நேரமாகிவிட்டது என்பதால் நின்றுபோனது.

பாதிக்குப் பாதி என்று 8-ஆம் தேதி சொன்னது விழுந்ததற்கு மட்டும். விழுந்த பிறகு நடந்ததற்கு முழுப் பங்கும் கம்பெனிக்கு. நானாக இருந்தாலும் இதே கணக்குதான், எழுத்தில் கொடுக்கிறேன்.

மார்ச் 14

கொருக்குப்பேட்டை வாசகர் கேட்பது நல்ல கேள்வி: "நம் ஊர் ரயிலில் விழுந்தால் யார் தப்பு என்று பார்ப்பதில்லையாமே, அப்புறம் ஏன் டூர் கம்பெனிக்கு மட்டும் இவ்வளவு பங்குக் கணக்கு?"

உண்மைதான். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 124ஏ. கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறும்போதோ இறங்கும்போதோ தவறி விழுந்தாலும் அதில் வரும். ரயில்வே மேல் தப்பு இருக்க வேண்டும் என்று இல்லை. தற்கொலை முயற்சி, தானே வருவித்துக்கொண்ட காயம், குற்றம் செய்யும்போது பட்டது, போதை, நோய் மாதிரியான காரணங்கள் மட்டும் விலக்கு. ரயில்வே பல வருஷம் "ஓடுகிற வண்டியில் ஏறினார், அது தானே வருவித்துக்கொண்டது" என்று வாதாடிப் பார்த்தது. 2018-ல் உச்ச நீதிமன்றம் ரீனா தேவி வழக்கில் அதை ஏற்கவில்லை. வெறும் கவனக்குறைவு வேறு, வேண்டுமென்றே செய்வது வேறு என்றது. உயிரிழப்புக்கான தொகையும் 2017 முதல் 4 லட்சத்திலிருந்து 8 லட்சமாக உயர்ந்தது.

நியூசிலாந்தில் இதை நாடு முழுவதற்கும் செய்துவிட்டார்கள், 1974-லிருந்து. சுற்றுலா போனவர் அங்கே விழுந்து காயம் பட்டாலும் அரசு நிதியிலிருந்து அங்கேயே சிகிச்சைக்கு உதவி உண்டு. பதிலுக்கு, காயத்துக்காக நஷ்ட ஈடு கேட்டு யார் மேலும் பொதுவாக வழக்குப் போட முடியாது. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. ஆனால் சாக்லேட் கடை கமிஷன்காரன் அங்கே தப்பித்துவிடுவானே என்றும் இருக்கிறது. இரண்டு நாளாக யோசிக்கிறேன், ஒரு பக்கம் நிற்க முடியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பாலியில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்து விழுந்த தம்பிக்கு: இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் இருந்ததா? அதில் டூவீலர் இருந்ததா? ஹெல்மெட்? மூன்றுக்கும் "இல்லை" என்றால் யாரையும் கேட்க வேண்டாம், களிம்பு வாங்கிப் போடுங்கள். இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இதுதான். இங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸில் எடுக்கிற பெர்மிட், டிக்கெட் போடும்போதே எல்லோரிடமும் சொல்கிறேன். "தாய்லாந்துல யாருண்ணா கேக்குறான்" என்பார்கள். தாய்லாந்துக்காரன் கேட்க மாட்டான், இன்சூரன்ஸ்காரன் கேட்பான்.

முடிவு செய்தது யார்? வண்டி எடுத்தவர். கம்பெனி எங்கேயும் இல்லை.

மார்ச் 17

பாராசெயிலிங், ஜிப்லைன் இடங்களில் கையெழுத்து வாங்குகிற தாள் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள். "கையெழுத்துப் போட்டால் கதை முடிந்ததா?" நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூரில் இங்கிலாந்தின் 1977 சட்டம் ஒன்று அப்படியே நடைமுறையில் இருக்கிறது: தன் கவனக்குறைவால் உயிரோ உடம்போ பாதித்தால் அந்தப் பொறுப்பை எந்தத் தாளைக் காட்டியும் ஒரு வியாபாரி கழற்றிவிட முடியாது. பெல்ட் அறுந்தால் தாள் உதவாது. சொன்னதைக் கேட்காமல் நீங்களே பெல்ட்டைக் கழற்றினால் அது உங்கள் பங்கு.

எங்கள் டூர் நிபந்தனைகளிலும் "எந்த விபத்துக்கும் கம்பெனி பொறுப்பல்ல" என்று ஒரு வரி இருக்கும். என் தாளிலும் இருக்கிறது, சும்மா சொல்லக் கூடாது. அந்த வரி வாடிக்கையாளரைப் பயமுறுத்தத்தான். 2019 நுகர்வோர் சட்டத்தில் சேவைக் குறைபாடு என்று வந்துவிட்டால் நுகர்வோர் ஆணையம் அந்த வரியைத் தாண்டிப் பார்க்கும்.

மார்ச் 22

தம்பி எழுதிய கடிதத்தின் நகலைப் பார்த்தேன். ஐந்து லட்சம், மன உளைச்சல், பகிரங்க மன்னிப்பு. அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொன்னேன்.

கேட்க வேண்டியது: எக்ஸ்ரே, டாக்டர், மாவுக்கட்டு, பிசியோ, ஆட்டோ. அப்புறம் யாரும் இதுவரை சொல்லாத ஒன்று, அம்மா வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறார். வலது மணிக்கட்டு. பொங்கல் முடிந்து கல்யாண சீசன் ஜாக்கெட் ஆர்டர்களைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஆர்டர் நோட்டு இருக்கிறதாம், அளவும் தேதியும் பேரும் போட்டு. இந்த நோட்டு மருத்துவப் பில்லைவிடக் கனமானது. அதைப் படம் எடுத்துச் சேருங்கள்.

கடிதத்தில் "படி வழுக்கியது" என்று தொடங்காதீர்கள். ஐட்டினரியில் 45 நிமிடம், கைடிடம் வலி என்று சொன்ன நேரம், கிளினிக்குக்குக் கூட்டிப் போகாதது, பாலிசி நகல் கொடுக்காதது, இந்த வரிசையில் போங்கள். பதினைந்து நாள் கெடு கொடுங்கள். பதில் இல்லை என்றால் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன், அதற்கும் மேல் வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையம். டூர் கம்பெனி அண்ணா நகரில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற இடத்திலேயே போடலாம், 2019 சட்டம் அப்படி. கொடுத்த டூர் கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. கெடு இரண்டு வருஷம். வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம்.

ஏப்ரல் 19

பதில் வந்திருக்கிறது. முதல் சுற்றில் "அடுத்த பாலி டூரில் பத்து சதவீதத் தள்ளுபடி வவுச்சர்" என்று அனுப்பினார்களாம். கை விரிசல் விட்ட அம்மாவுக்கு இன்னொரு டூர்! தம்பி நுகர்வோர் ஆணைய மனுவின் வரைவை இணைத்துத் திருப்பி அனுப்பியதும் தொனி மாறிவிட்டது. வைத்தியச் செலவு முழுசாக, தையல் வருமானத்துக்குக் கேட்டதில் ஏறக்குறைய பாதி. "நல்லெண்ண அடிப்படையில், எந்தப் பொறுப்பையும் ஏற்காமல்" என்று ஒரு வரி. அந்த வரி இருந்துவிட்டுப் போகட்டும், செக் பாஸானால் சரி.

ஆனால் அவர்கள் அனுப்பிய ரசீதில் "முழுமையான இறுதித் தீர்வு" என்று இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள். மணிக்கட்டு விரிசல் கூடினாலும் இறுக்கம் நிற்பது உண்டு. கத்தரிக்கோலை முழுசாகத் திறந்து மூட முடிகிறதா என்று அம்மாவையே கேளுங்கள். முடியவில்லை என்றால் பிசியோ செலவையும் சேர்த்த பிறகு கையெழுத்து.

மச்சான் இப்போது "நான்தான் கேட்கச் சொன்னேன்" என்று தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும்.

ஏப்ரல் 20

காசி யாத்திரையில் மாமனார் விழுந்த எண்ணூர் வாசகருக்கு: அது வெளிநாடு இல்லை, விமானத்தில் விழுந்ததும் இல்லை என்றால் மேலே சொன்ன உடன்படிக்கையை எல்லாம் மறந்துவிடுங்கள். ரயிலில் ஏறி இறங்கும்போது என்றால் 124ஏ, ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனல். யாத்திரை பஸ் மோதியோ பிரேக் போட்டோ என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம், பஸ் நம்பர் வேண்டும். படித்துறையில் என்றால் மறுபடியும் கைடு என்ன செய்தார் என்ற கேள்விதான். மூன்றில் எது என்று சொல்லாமல் "ஏதாவது கிடைக்குமா" என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். டிக்கெட், டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டையும் படம் எடுத்துப் போடுங்கள், மாமனார் பெயரை மறைத்துவிட்டு.